முன்னால் போன தடம்

இது நடந்தது. நம்புகிறவர்கள் நம்பலாம். நம்பாதவர்கள் ஜனவரியில் ஆர்லோவெட்ஸ் கணவாய்க்கு வாருங்கள், இடத்தையே காட்டுகிறேன். அந்தச் சாலையில் பதினாறு வருஷமாகப் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறேன். என் பெயர் ஸ்தோயில். பேய் என்று யாராவது வாயைத் திறந்தால் முதலில் சிரிக்கிறவன் நான்தான். என் அக்கா மின்காவின் புருஷன் வெல்கோ இதைச் சொன்னபோதும் சிரித்தேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, இரண்டு வருஷம் சிரித்தேன். நாலு பேர் கூடி ரக்கியாச் சாராயம் உள்ளே போய்விட்டால் அவனைச் சீண்டாமல் எனக்குப் பொழுது போகாது. அதற்கெல்லாம் சேர்த்து இப்போது அனுபவிக்கிறேன்.

எல்லாம் டயரில் ஆரம்பித்தது.

வெல்கோவிடம் ஒரு சின்ன லாரி இருந்தது. உருளைக்கிழங்கு மூட்டை, பாலாடைக்கட்டி டின், யார் வீட்டுப் பழைய அலமாரி என்றாலும் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவான். கோடையில் தினமும் இரண்டு நடை. குளிர்காலத்தில் நடை குறையும், நிற்காது. அந்த வருஷம் நிற்கவே முடியாது. மின்காவுக்கு ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. அதற்கு முன் இரண்டு தடவை தங்காமல் போயிருந்தது. வாரா வாரம் வந்து காட்டியே ஆகவேண்டும் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரி கணவாய்க்கு அந்தப் பக்கம், நகரத்தில். எங்கள் கிராமம் இந்தப் பக்கம். நடுவில் இருபத்தெட்டுக் கிலோமீட்டர் மலை. ஆக, அந்த லாரி ஒழுங்காக ஏறி இறங்குவதில்தான் அந்தக் குழந்தையின் உயிர் இருந்தது. அது வெல்கோவுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் நவம்பர் பிறந்ததுமே நகரத்தில் ரூசியின் டயர் கடையில் போய் நின்றான்.

ரூசிக்கு வயசு அறுபது. வாய்க்கு இன்னும் இருபதுதான்.

"ஒரே செட்டு போதும் அண்ணே," என்றான் வெல்கோ. "பனிக்கும் ஆகணும், கோடையில தினம் ஓட்டவும் ஆகணும்."

"வருஷம் பூரா ஒரே சட்டையைத்தான் போட்டுக்குவியா நீ?"

"எல்லாக் காலத்துக்கும்னு ஒண்ணு விக்கிறாங்களே?"

"விக்கிறாங்க. தெருமுனையில ரொட்டி வாங்கப் போறவனுக்கு அது போதும். நீ ஒன்றரை டன் ஏத்திக்கிட்டுக் கணவாய் ஏறுறவன்." ரூசி ஒரு டயரை உருட்டிக்கொண்டுவந்து அதன்மேல் விரலை அழுத்திக் காட்டினார். "பாரு, பனி டயரு. மெத்துன்னு இருக்கா? கட்டைக்குக் கட்டை பொடிசா கீறல் இருக்கு பாரு, அதுதான் பனியைக் கடிக்கும். இதையே ஜூலைல ஓட்டினா அழிரப்பர் மாதிரி தேஞ்சு போவும். உன் கோடை டயரு இருக்கே, அது தார்ரோட்டுல ராஜா. குளிர் வந்தா கல்லு. அதனால ரெண்டு செட்டு வாங்கு. வருஷத்துக்கு ரெண்டு தடவை மாத்திக்க. கழட்டினதை நானே வெச்சுப் பாத்துக்கிறேன்."

வெல்கோ மோவாயைத் தடவினான். "பின்னாடி ரெண்டு மட்டும் பனி டயர் போடு அண்ணே. முன்னாடி இப்ப இருக்கிறதே இருக்கட்டும்."

எங்கள் ஆட்களின் கோணல் புத்தி இது. எங்களுக்கு நல்ல டயர் என்றால் மேடு ஏறுகிற டயர். ஏற்றத்தில் மாட்டிக்கொண்டவனை வசந்தம் வரும்வரை ஊரே கிண்டல் பண்ணும். இறக்கத்தில் எப்படி நிற்கும் என்று யாரும் கேட்கமாட்டோம். எஞ்சின் தள்ளுவது பின் சக்கரத்தை, ஆகவே பின்னால் இரண்டு நல்ல டயர், மேலே நாலு மணல் மூட்டை, முடிந்தது கதை.

"ஒரு கால்ல பூட்ஸு, ஒரு கால்ல செருப்பு," என்றார் ரூசி. "அப்படியே நடப்பியா?"

"என் வண்டிக்கு நாலு கால் அண்ணே."

ரூசி சிரிக்கவில்லை. "பின்னாடி இழுக்கும். முன்னாடி பேச்சுக் கேக்காது. நீ திருப்புவ, அது நேராப் போவும்."

ஆனாலும் கேட்டதை மாட்டிக்கொடுத்தார்.

டிசம்பர் பதினாலு. மதியம் மூன்று பத்துக்கு ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பினார்கள். குழந்தையின் இதயத் துடிப்பு கணீரென்று கேட்டது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மின்கா சந்தோஷத்தில் பாலாடைக்கட்டி அடைத்துச் சுட்ட ஒரு முழு பனித்சாவை ஒருத்தியாகவே தின்று தீர்த்தாள். ஏற்றம் முழுக்க வண்டி அடம் பிடிக்காமல் ஏறியது. வெல்கோ ஸ்டீயரிங்கைத் தட்டிக்கொடுத்தான்.

"பாத்தியா? ரெண்டு போதும்னேன்ல?"

"வீட்டுக்குப் போய்ப் பீத்திக்கலாம். ரோட்டைப் பாரு."

மூன்று நாற்பத்தெட்டுக்குக் கணவாயின் உச்சி. அங்கிருந்து மூடுபனி. பனியும் கொட்ட ஆரம்பித்தது. விளக்கு வெளிச்சத்தில் பத்து மீட்டருக்கு மேல் தெரியவில்லை. சாலை முழுக்க வெள்ளை. ஒரு கீறல் இல்லை. அவர்களுக்கு முன்னால் யாரும் போகவில்லை என்று அர்த்தம்.

மூன்று ஐம்பத்தைந்து.

சாலை நடுவில் ஒரு தடம் ஆரம்பித்தது.

கிளைச் சாலை எதுவும் அங்கே கிடையாது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். இவ்வளவு நேரம் வெறும் வெள்ளை. அப்புறம் திடீரென்று இரண்டு சக்கரக் கோடு. வானத்திலிருந்து ஒரு லாரியை இறக்கி வைத்து ஓட்டிவிட்டதைப் போல.

"யாரோ முன்னாடி போறான்," என்றான் வெல்கோ. அவனுக்கு நிம்மதி. மூடுபனியில் முன்னால் ஒருவன் போனால் பின்னால் போகிறவனுக்குத் தைரியம்தானே.

தடம் அம்பு அம்பாக இருந்தது. பனி டயர். அவனுடைய அதே டயர். நேர்ச் சாலையில் பின் சக்கரம் முன் சக்கரத்தின் தடத்தை மிதித்து அழித்துவிடும். வளைவில்தான் இரண்டும் தனித்தனியாகத் தெரியும். முதல் வளைவில் தெரிந்தது. முன் சக்கரத் தடத்தில் அம்பு இல்லை. வெறும் நாலு நேர்கோடு.

கோடை டயர்.

"என்னை மாதிரியே இன்னொரு கஞ்சன்," என்று சிரித்தான்.

மின்கா சிரிக்கவில்லை. "வலது பக்கம் பாரு. பின் டயர்ல ஒரு பல்லு இல்ல."

இருந்தது. அம்பு, அம்பு, அம்பு... பிறகு ஒரு ஓட்டை. ஒரு கட்டை பெயர்ந்துபோன டயர். ஒவ்வொரு சுற்றுக்கும் அதே இடத்தில் அதே ஓட்டை.

வேகத்தைக் கொஞ்சம் கூட்டினான். முன்னால் போகிறவனின் சிவப்பு விளக்கு தெரிய வேண்டும். தெரியவில்லை. கண்ணாடியை இறக்கிக் காது கொடுத்தான். எஞ்சின் சத்தம் இல்லை. பனி விழுகிற சத்தம் மட்டும்.

நாலு ஒன்பது. சாலையோரக் கல் ஊற்று. இறங்கியே ஆகவேண்டும் என்றாள் மின்கா. வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு அது அடிக்கடி வரும். வெல்கோ ஓரம் கட்டினான்.

முன்னால் போன தடமும் அங்கே ஓரம் கட்டியிருந்தது.

பக்கத்துக் கதவு இருந்திருக்க வேண்டிய இடத்தில் காலடிகள். ஒரு பெண்ணின் பூட்ஸ். கூடவே சின்னக் காலடி. மூன்று நாலு வயசுப் பிள்ளையின் கால். இரண்டும் ஊற்றுவரை போய், நின்று, திரும்பி வந்திருந்தன.

"குழந்தையோட போறாங்க," என்றான் வெல்கோ.

மின்கா அந்தக் காலடிகளுக்குப் பக்கத்திலேயே நடந்து பாறை மறைவுக்குப் போனாள். இரண்டு நிமிஷம். திரும்பி வரும்போது பாதி வழியில் நின்றுவிட்டாள்.

"வெல்கோ..."

"என்ன?"

"என் காலடி மூடிடுச்சு."

"பனி கொட்டுதே, மூடாதா?"

"அது மூடலையே."

அவன் பார்த்தான். அவள் இப்போதுதான் நடந்த தடம் பாதி நிரம்பியிருந்தது. அந்தச் சின்னக் காலடி... கத்தியால் வெட்டியதைப் போல அப்படியே இருந்தது. விளிம்பு உதிரவில்லை. உள்ளே ஒரு துளிப் பனி விழவில்லை.

வெல்கோ தன் வண்டிக்குப் பின்னால் ஓடினான். குனிந்து வலது பின் டயரைக் கையால் தடவினான். சுற்றி முழுக்கத் தடவினான். எல்லாக் கட்டையும் இருந்தது. ஒன்றுகூடப் பெயரவில்லை.

"நம்மது இல்ல," என்றான். எதற்காக அப்படிச் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை.

நாலு பதினாறு. கிளம்பினார்கள்.

தடத்தில் சக்கரம் படாமல் ஓட்டப் பார்த்தான். முடியவில்லை. முன் டயர் இரண்டும் வழுக்கி வழுக்கி அதற்குள்ளேயே போய் விழுந்தன. இடது பக்கம் ஒடித்தால் வண்டி ஒரு கணம் யோசித்தது. பிறகு தடத்துக்கே திரும்பியது.

"மெதுவாப் போ."

"மெதுவாத்தான் போறேன்."

"இன்னும் மெதுவா."

நாலு இருபத்தேழு. ஐந்தாவது வளைவு. சாலை இடது பக்கம் திரும்புகிறது.

தடம் திரும்பவில்லை.

நேராகப் போனது. விளிம்பைத் தாண்டிப் போனது.

வெல்கோ பிரேக்கை மிதித்தான். ஸ்டீயரிங்கை ஒடித்தான். முன்பக்கம் கேட்கவில்லை... வண்டி அதே தடத்தில்... விளிம்பை நோக்கி... கியரை இறக்கினான், கைப்பிரேக்கை இழுத்தான். பின்பக்கம் சுழன்று பாறையில் முட்டியது. வண்டி சாலைக்குக் குறுக்கே நின்றது. விளிம்புக்கு மூன்று மீட்டர்.

"வயிறு?"

"ஒண்ணும் இல்ல... குழந்தை அசையுது. நீ போய்ப் பாரு. அவங்க கீழ விழுந்துட்டாங்க!"

கதவைத் திறந்துபோட்டுவிட்டு டார்ச்சோடு ஓடினான். விளிம்பில் நின்று கீழே அடித்தான். மூடுபனி.

"யாராவது இருக்கீங்களா?"

காது கொடுத்துவிட்டு மறுபடி கத்தினான்.

"ஓய்... குழந்தை இருக்கா?"

டார்ச்சை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினான். கீழே எதுவும் எரியவில்லை. எதுவும் அசையவில்லை.

அப்போது ஹாரன் அடித்தது.

மின்கா. ஓட்டுநர் இருக்கைக்கு நகர்ந்து உட்கார்ந்து, விடாமல் அடித்தாள். அழுதுகொண்டே அடித்தாள்.

அவன் ஓடி வந்தான். "என்ன? என்னடி?"

"பின்னாடி ஒரு வண்டி... இறங்கி வருது... கேக்கலையா?"

"எதுவும் வரல மின்கா."

"வருது! நம்ம குறுக்க நிக்கிறோம்... இடிச்சிடுவாங்க..."

அவன் மேலே பார்த்தான். விளக்கு இல்லை. சத்தமும் இல்லை.

அவளுக்கு மட்டும் கேட்டது. கியர் மாற்றும் சத்தம். பிரேக். பனியில் சக்கரம் இழுபடும் சத்தம்... கிட்டே... மிகக் கிட்டே... அவர்களைத் தாண்டி...

நின்றுவிட்டது.

நாலு முப்பத்துநாலுக்கு அவள் எனக்குப் போன் செய்தாள். கீழே இருந்து பனியைத் தள்ளிக்கொண்டு ஐந்து பன்னிரண்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். என் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். சாலையில் ஒரே ஒரு வண்டியின் தடம்தான் இருந்தது. வெல்கோவின் தடம். விளிம்பில் முழங்கால் உயரப் பனி, ஒரு பறவை உட்கார்ந்த அடையாளம்கூட இல்லை. மறுநாள் மீட்புக்காரர்கள் கயிறு கட்டி இறங்கித் தேடினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை.

"மச்சான், பேய் எந்த டயர் போட்டிருந்துச்சு?" அன்றைக்கு ஆரம்பித்தேன். பிறகு எங்கே பார்த்தாலும் அதே கேள்வி.

ஜனவரியில் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. நேதா. அதற்கு முன்னாலேயே வெல்கோ நாலு பனி டயர் வாங்கி மாட்டிவிட்டான். ஏப்ரலில் கழற்றிக் கோடை டயருக்கு மாறினான், நவம்பரில் மறுபடி பனி டயர். ரூசி சொன்னபடி எல்லாம் செய்தான். பழைய இரண்டு பனி டயர் மிச்சம். அவற்றை வீட்டில் வைத்திருக்க அவனுக்குப் பிடிக்கவில்லை. ரூசியின் கடையிலேயே ஒருவனுக்கு விற்றான். அவன் பெயர் அசென். எங்கள் கிராமத்துக்கும் கீழே முப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறவன். அவனிடமும் இதே மாதிரி ஒரு சின்ன லாரி.

"பின்னாடிக்கு மட்டும் ரெண்டு போதுமாப்பா?" என்று அசென் கேட்டான்.

நடந்ததைச் சொல்லியிருக்கலாம். பேயை விடுங்கள், முன்பக்கம் திரும்பாமல் போனதையாவது சொல்லியிருக்கலாம். அதைச் சொன்னால் மற்றதும் வெளியே வரும், கடையில் இருக்கிறவர்கள் சிரிப்பார்கள் என்று பயந்துவிட்டான். அவனை அப்படிப் பயப்பட வைத்தவன் யார்? நான்தான்.

"நான் ஓட்டியிருக்கேன்," என்றான் வெல்கோ. "ஒண்ணும் ஆகல."

நேதாவுக்கு இரண்டு வயசு ஆன ஜனவரி. ஒன்பதாம் தேதி. சாயங்காலம் நாலு ஐம்பது. இந்தத் தடவை நான் கணவாயின் உச்சியிலிருந்து பனியைத் தள்ளிக்கொண்டு இறங்கினேன். என் வெளிச்சத்தில் ஒரு தடம்.

அம்பு, அம்பு, அம்பு... ஓட்டை.

வளைவில் பார்த்தேன். முன் சக்கரத்தில் நாலு நேர்கோடு.

கல் ஊற்றில் வண்டியை நிறுத்தினேன். காலடிகள். ஒரு பெண்ணின் பூட்ஸ். ஒரு சின்னக் கால்.

அதற்குமேல் நான் தடத்தைப் பார்க்கவில்லை. எங்கே போய் முடியும் என்று தெரியும். ரேடியோவில் மீட்புக்காரர்களைக் கூப்பிட்டுக்கொண்டே ஓட்டினேன். ஐந்தாவது வளைவில் விளிம்புப் பனி உடைந்து கிடந்தது.

லாரி நாற்பது மீட்டர் கீழே பைன் மரங்களில் சிக்கியிருந்தது. அசென் இறந்துவிட்டான். அவன் மனைவி ராத்காவுக்கு இரண்டு காலும் முறிவு. அவள் மடியில் இருந்த நாலு வயசுப் பையனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அசெனின் படம் போட்ட மரண அறிவிப்பை ரூசி தன் கடைக் கதவிலேயே ஒட்டி வைத்தார்.

ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ராத்காவை அதற்கு முன் எனக்குத் தெரியாது, எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. நான்தான் அவர்களைக் கண்டுபிடித்தவன் என்று சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, அந்த வண்டிக்காரன் யாரு?"

"எந்த வண்டி?"

"வளைவுல ஒரு லாரி குறுக்க நின்னுச்சே. ஒருத்தன் ஓரத்துல நின்னு டார்ச்சை ஆட்டிக்கிட்டு இருந்தான். அவனை இடிச்சிடக் கூடாதுன்னுதான் இவரு பிரேக் போட்டாரு. திருப்பினாரு... திரும்பல." அவள் மூச்சு வாங்கினாள். "அந்தாளு ஏன் எங்களைக் காப்பாத்தக் கீழ இறங்கல?"

"அங்க எந்த வண்டியும் இல்லம்மா. ஒரு தடம்தான் இருந்துச்சு. உங்களது."

"இருந்துச்சு அண்ணே. கதவு திறந்து கிடந்துச்சு. உள்ள ஒரு பொண்ணு உக்காந்து விடாம ஹாரன் அடிச்சா. அழுதுக்கிட்டே அடிச்சா."

அப்போது கதவு திறந்தது. மின்கா கோழி சூப்போடு உள்ளே வந்தாள். பின்னால் வெல்கோ. அவன் விரலைப் பிடித்துக்கொண்டு நேதா.

ராத்கா மின்காவின் முகத்தைப் பார்த்தாள். நீளமாகப் பார்த்தாள். பிறகு அவள் வயிற்றைப் பார்த்தாள்.

"நீதானே அது..." என்றாள். "அஞ்சு நாளைக்குள்ள பிறந்துடுச்சா? என்ன குழந்தை?"